பேதுருவின் நிழல்: புளோரன்சு நகரத்துச் சிற்றாலயம் ஒன்றின் சுவரோவியங்கள்

ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் பற்றி நம் பள்ளி வரலாற்று நூல்கள் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டைத்தான் சொல்லி வந்துள்ளன. இடைக்காலத்தில் மனிதன் விண்ணையே நோக்கி நின்றான். மறுமலர்ச்சியில் மண்ணை நோக்கித் திரும்பினான். அதனால் ஓவியத்தில் தெய்விகம் குன்றி, மனித உடல் தலையெடுத்தது என்பது அவ்வாய்பாடு. சுவிட்சர்லாந்து நாட்டுப் பேரறிஞர் யாக்கோபு புர்க்கார்ட்டு 1860-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலை ஒட்டிப் பரவிய கருத்து இது. அவர் சொன்னது இத்துணை எளிதன்று. அவர் நூலைச் சுருக்கியவர்களும், அச்சுருக்கத்தைச் சுருக்கியவர்களுமாகச் சேர்ந்து அதனைத் தேர்வு விடையளவிற்குக் குறுக்கிவிட்டனர்.

இவ்வாய்பாட்டை வைத்துக்கொண்டு அக்காலத்துச் சுவரோவியங்களை அணுகினால் முதலிலேயே ஒரு தடை எழுகிறது. அவற்றுட் பெரும்பாலானவை ஆலயச் சுவர்களில் உள்ளன. பூசை நடக்கும் இடம் அது. இறந்தவர்க்காக மன்றாடும் இடம். நோயுற்ற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாய் வந்து நிற்கும் இடம். சமயத்தைக் கைவிடப் புறப்பட்டதாகச் சொல்லப்படும் கலை, ஆலயத்தையே தன் பட்டறையாகக் கொண்டது எங்ஙனம்? கூலி கொடுத்தவர்கள் அங்கே வரையச் சொன்னார்கள், வரைந்தார்கள் என்று விடை கூறுவாருண்டு. அது கூலிக்கு விடையாகலாம், ஓவியத்திற்கு விடையாகாது. மனித உடலுக்கும் அதன் பளுவுக்கும் அதன் நிழலுக்கும் அவ்வோவியர் தந்த புதிய மதிப்பு, சமயத்திலிருந்து விலகிய செயலா, சமயத்திற்குள்ளேயே ஆழ இறங்கிய செயலா என்பதே கேள்வி. பொதுவாகப் பேசினால் இது தெளிவுபடாது. ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு நின்று நிதானித்துப் பார்ப்போம்.

இத்தாலியின் புளோரன்சு நகரை ஆர்னோ என்னும் ஆறு ஊடறுத்துச் செல்கிறது. ஆற்றின் தென்கரையில், கைவினைஞரும் கம்பளித் தொழிலாளரும் மிகுதியாக வாழ்ந்த பகுதியில், கார்மேல் சபைத் துறவிகளின் ஆலயம் ஒன்று உண்டு. சாந்தா மரியா தெல் கார்மினே என்பது அதன் பெயர். அதன் வலப்பக்கச் சிறகில் அமைந்த குடும்பச் சிற்றாலயமே பிராங்காச்சி சிற்றாலயம். பெலிச்சே பிராங்காச்சி என்பார் பட்டு வணிகர். 1422-ஆம் ஆண்டில் நகரத்தின் தூதராக எகிப்துக்குச் சென்று வந்தவர். அவர் குலத்து முன்னோர் ஒருவர் பேதுருவின் பெயரைத் தாங்கியவர். ஆதலின் அச்சிற்றாலயச் சுவர்களில் திருத்தூதர் பேதுருவின் வரலாறு வரையப்பெற்றது. (நம் கத்தோலிக்க அன்பர்கள் இராயப்பர் என்று வழங்கியவர் இவரே.) 1420-களின் நடுவில் மசோலினோ என்ற மூத்த ஓவியரும் மசாச்சியோ என்ற இளைஞரும் வேலையைத் தொடங்கினர். மசோலினோ இடையில் அங்கேரி நாட்டுக்குப் போய்விட்டார். மசாச்சியோ 1401-இல் பிறந்தவர். 1428-இல் உரோமாபுரியில் காலமானார். முப்பது வயதைக்கூட எட்டாதவர். வேலை முடியாமல் நின்றது.

அவர்கள் கையாண்ட முறையைச் சிறிது அறிந்துகொள்வது நலம். பிரெஸ்கோ எனப்படும் ஈரச்சுதை ஓவியத்தில் வண்ணத்தைச் சுவரின்மேல் பூசுவது என்பதில்லை. புதிதாகப் பூசிய சுண்ணச்சாந்து ஈரமாயிருக்கும்போதே நீரில் குழைத்த வண்ணப் பொடியைத் தீட்டிவிட வேண்டும். காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும். வண்ணமும் அக்கல்லுக்குள் அடைபட்டு நிற்கும். அன்றன்று தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே காலையில் சாந்து பூசுவர். ஒருநாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையிலுள்ள இணைப்பை இன்றும் உற்று நோக்கிக் காணலாம். தவறினால் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் பூசுவதே வழி. எனவே ஓவியம் அவ்விடத்துக்கே உரியதாகிறது. சட்டமிட்ட படம்போல அதனைக் கழற்றி வேறிடத்தில் மாட்டி, அதே பொருளை அதனிடம் எதிர்பார்க்க இயலாது. சுவர் எந்தத் திசையில் உள்ளது, ஒளி எப்பக்கமிருந்து வருகிறது, எவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பனவெல்லாம் ஓவியத்தின் பொருளில் பங்கு பெறுகின்றன.

இடப்புறச் சுவரின் மேல் வரிசையில் உள்ளது வரிப்பணம் என்று பெயர்பெற்ற ஓவியம். மத்தேயு எழுதிய நற்செய்தியில் மட்டுமே காணப்படும் கதை இது. (மத்தேயு முன்பு வரி வாங்கும் வேலையில் இருந்தவர் என்பது நினைக்கத்தக்கது.) ஆலய வரி கேட்டு அலுவலர் வருகின்றனர். மன்னரின் மக்கள் வரி கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர் என்று ஏசுநாதர் பேதுருவிடம் விளக்குகிறார். ஆயினும் அவர்களுக்கு இடறல் உண்டாகாதபடி, ஏரிக்குப் போய் முதலில் அகப்படும் மீனின் வாயைத் திறந்து, அதிலுள்ள காசை இருவர்க்குமாகக் கொடுத்துவிடச் சொல்கிறார். மசாச்சியோ இதை மூன்று நிகழ்ச்சிகளாக்கி ஒரே நிலத்தில் வைத்தார். நடுவில் ஏசுநாதரைச் சூழ்ந்து சீடர்கள் நிற்கின்றனர். வரிக்காரன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். இடக்கோடியில் பேதுரு மேலாடையைக் களைந்து வைத்துவிட்டு நீரோரம் குந்தி மீனைப் பிடித்திருக்கிறார். வலக்கோடியில் அதே பேதுரு காசை வரிக்காரன் கையில் வைக்கிறார்.

எழுத்தறியாதவர்க்கு ஓவியமே நூல் என்ற கருத்துப் பழமையானது. படங்களை உடைத்த ஒரு மேற்றிராணியாருக்கு, கி.பி. 600-ஐ ஒட்டிப் பாப்பரசர் பெரிய கிரகோரியார் எழுதிய மடலில் அது காணப்படுகிறது. இக்கருத்தையே பிடித்துக்கொண்டு, ஆலய ஓவியமென்றால் பாமரர்க்குப் பாடம் சொல்லும் படமென்று முடித்துவிடுகின்றனர். படம் பார்த்துக் கதை சொல்லும் பயிற்சியை வகுப்பில் நடத்தியவர்கள் இதனை அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டார்கள். இக்கதையை அறியாத பிள்ளையிடம் இவ்வோவியத்தைக் காட்டினால், மஞ்சள் மேலாடை அணிந்த கிழவர் இருவர் இருக்கின்றனர், மேலாடையில்லாத கிழவர் மூன்றாமவர், வரி கேட்பவரும் இருவர் என்றுதான் கணக்குச் சொல்லும். கதையை முன்பே கேட்டறிந்தவனுக்கே இது விளங்கும். ஆகவே பாடம் சொல்வதைவிட, கேட்ட பாடத்தை நெஞ்சில் ஊன்றச் செய்வதே இதன் தொழில். படங்கள் நினைவுக்கும் பக்திக்கும் துணை என்பதை இடைக்காலச் சமய ஆசிரியர்களும் சேர்த்தே சொல்லியிருந்தனர். பின்வந்தோர் அதனை மறந்து முதற்பகுதியை மட்டும் மனப்பாடம் செய்தனர்.

நெஞ்சில் ஊன்றுவது எது? சீடர்கள் பழங்காலத்து நீள் ஆடையில் உள்ளனர்; வரிக்காரனோ ஓவியர் காலத்துக் குட்டையாடையில் இருக்கிறான். புளோரன்சுக்காரன் தெருவில் நாள்தோறும் காணும் ஆள் அவன். அக்காலத்தில் நகரம் மிலான் கோமகனோடு பெரும்போரில் சிக்கிக் கடனில் மூழ்கியிருந்தது. 1427-ஆம் ஆண்டில் கத்தாஸ்தோ என்னும் புதிய வரிமுறை வந்தது. ஒவ்வொரு குடும்பத் தலைவனும் தன் சொத்து, கடன், வீட்டிலுள்ள வாய்கள் எத்தனை என்பவற்றை எழுதிக் கொடுக்கவேண்டும். மசாச்சியோவும் அவ்வாண்டில் எழுதிக் கொடுத்தார். தாயோடும் தம்பியோடும் வாழ்ந்ததும், பட்டறை வாடகைக்கு எடுத்ததும், கடன்பட்டிருந்ததும் அவருடைய கணக்கிலிருந்தே தெரிகின்றன. வரிப்பணத்தை வரைந்த கை, அவ்வளவில் வரிக்கணக்கும் எழுதிற்று.

இதைக் கொண்டு ஆய்வாளர் சிலர், புதிய வரிக்கு ஆதரவாக எழுந்த ஓவியம் இது என்றனர். பாப்பரசருக்கும் நகரத்துக்கும் இடையே குருமார் மீதான வரி பற்றி எழுந்த பேச்சே இதன் பொருள் என்றனர் வேறு சிலர். ஏசுநாதர் சார்பில் பேதுருவே செலுத்துவதால், பேதுருவின் வழிவந்த பாப்பரசரின் தலைமையை நிலைநாட்டுவது என்றனர் மற்றும் சிலர். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அரசியல் துண்டறிக்கையாக மட்டும் இதனைக் கொள்வோர் ஓவியத்தின் நடுவே நிற்கும் முகத்தைப் பாராமற் போகின்றனர். (அம்முகத்தை மட்டும் மசோலினோ தீட்டினார் என்று கருதுவோர் பலர். அதுவும் உண்மையாயிருக்கலாம், மற்ற முகங்களைவிட அது மென்மையானது.) கட்டடத்தின் கோடுகளெல்லாம் ஏசுநாதர் தலையிடத்தே சென்று குவிகின்றன. அவர் கை நீட்டுகிறார். பேதுருவின் கையும் அதே திசையில் நீள்கிறது. ஆனால் பேதுருவின் புருவத்தில் சினம் இருக்கிறது. கடன்படாதவர் கடன் செலுத்தச் சம்மதிக்கிறார். சீடனுக்கு அது பொறுக்கவில்லை. பொறுக்காமலே போய்ச் செய்கிறான். இறைவன் மனிதரின் கணக்குக்குள் தன்னை உட்படுத்திக்கொள்கிறான் என்பதே கிறித்தவத்தின் நடுக்கொள்கை. அதனைச் சொல்வதற்குப் பொன் தகட்டுப் பின்னணி போதாது. தரையில் பாதம் ஊன்றி நிற்கும், நிழல் விழும், பளுவுள்ள உடல் தேவைப்பட்டது. மசாச்சியோ அதை உண்டாக்கினார். இங்கே மண்ணை நோக்கித் திரும்பியவர் ஓவியர் மட்டும் அல்லர்.

காசு இச்சிற்றாலயத்தில் மறுபடியும் வருகிறது. பலிபீடத்துச் சுவரின் கீழ்ப்பகுதியில், வலப்புறம், பேதுரு ஏழைகளுக்குப் பொருள் பங்கிடும் ஓவியம் இருக்கிறது. கைக்குழந்தையை இடுக்கிய ஏழைப்பெண் ஒருத்தி முன்னே நின்று வாங்குகிறாள். கோலூன்றிய முடவரும் உளர். அவர்கள் காலடியில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அவன் அனனியா, நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒளித்துவைத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாக நடித்தவன். அப்போஸ்தலர் நடபடிகளில் அடுத்தடுத்து வரும் இரு செய்திகளை ஓவியர் ஒரே இடத்தில் வைத்தார். சொத்தை மறைக்காமல் எழுதிக்கொடு என்று நகரம் ஆணையிட்ட அதே ஆண்டுகளில், பட்டு வணிகர் ஒருவரின் சிற்றாலயத்தில், பணத்தை மறைத்தவன் பிணமாய்க் கிடக்கும் காட்சி! கொடையாளியே நாள்தோறும் மண்டியிட்டுப் பார்க்கவேண்டிய இடம் அது. வரிப்பணம் பெற்ற புகழை இது பெறவில்லை. என் மதிப்பில் துணிவு இதில்தான் மிகுதி.

பலிபீடத்தின் மறுபுறம், இதற்கு இணையாக, பேதுரு தம் நிழலால் நோயாளிகளைக் குணப்படுத்தும் ஓவியம் இருக்கிறது. எருசலேம் மக்கள் தெருக்களில் நோயாளிகளைக் கொண்டுவந்து கிடத்தினர் என்றும், பேதுரு கடந்து போகையில் அவர் நிழலாவது அவர்கள்மேல் விழட்டும் என்று எதிர்பார்த்தனர் என்றும் நடபடிகள் கூறும். மசாச்சியோ எருசலேமை வரையவில்லை. கரடுமுரடான கல் வைத்துக் கட்டிய வீடுகள் நெருங்கிய புளோரன்சுத் தெருவை வரைந்தார். பேதுரு நம்மை நோக்கி நடந்து வருகிறார். நோயாளிகளைப் பார்ப்பதில்லை, குனிவதில்லை, கைநீட்டுவதில்லை. சுவரோரம் ஒருவன் இன்னும் முடங்கிக் கிடக்கிறான், ஒருவன் எழுகிறான், ஒருவன் எழுந்து நின்று வணங்குகிறான். நிழல் கடந்துவந்த வரிசையில் உடல்கள் நிமிர்கின்றன.

இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஒளியிலிருந்து விழும் நிழலை முறையாக வரைவது அத்தலைமுறை ஓவியர் புதிதாகக் கைக்கொண்ட திறமை. மறுமலர்ச்சியின் அறிவியல் நோக்குக்குச் சான்று காட்டுவோர் முதலில் எடுப்பது இத்திறமையைத்தான். இங்கே அத்திறமையே அருளின் கருவியாகிவிட்டது. நிழல் உள்ளபடி விழாவிட்டால் இந்த அற்புதத்தை வரையவே முடியாது. மேலும் இச்சிற்றாலயத்தின் ஓவிய நிழல்கள் மனம்போன போக்கில் விழுவன அல்ல. பலிபீடத்துக்கு மேலிருந்த உண்மையான சாளரத்திலிருந்து ஒளி வருவதாகக் கொண்டே எல்லாம் தீட்டப்பட்டன. வரிப்பணத்தில் ஒளி வலமிருந்து வருகிறது. எதிர்ச்சுவரில் இடமிருந்து வருகிறது. அங்கு வந்து நின்ற ஏழைத் தொழிலாளியின்மேல் படும் வெயிலும் பேதுருவின்மேல் படும் வெயிலும் ஒன்றே. அவன் நிழலும் அவர் நிழலும் ஒரே தரையில் விழுகின்றன. கலைநுட்பம் எது, சமயம் எது என்று இங்கே பிரித்துக் காட்ட வல்லவர் யார்?

நுழைவாயிலின் இடத்தூணில் ஆதாமும் ஏவாளும் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் காட்சி உள்ளது. எதிர்த் தூணில் மசோலினோ வரைந்த ஆதாமும் ஏவாளும் கனியை உண்ணும் முன் அமைதியாக நிற்கின்றனர். அழகிய உருவங்கள், மரத்தில் சுற்றிய பாம்புக்கும் அழகிய பெண்முகம். அவர்களைப் பார்த்தால் ஒன்றும் நடக்கப்போவதாகத் தோன்றாது. மசாச்சியோவின் இருவரோ நடக்கின்றனர். மேலே வாளோடு வானவர். வாயிலிலிருந்து வெளிப்படும் கதிர்கள். ஏவாள் தலையை அண்ணாந்து வாய்விட்டு அலறுகிறாள். அவள் தன் உடலைக் கைகளால் மறைக்கிறாள். ஆதாம் உடலை மறைக்கவில்லை. இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறான்.

வேத நூலின்படி, துரத்துமுன் இறைவன் இருவர்க்கும் தோலாடை செய்து உடுத்துகிறார். ஓவியர் அதை விட்டுவிட்டார். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மூன்றாம் கோசிமோ என்ற மெதிச்சி கோமகனின் காலத்தில், இவ்வுருவங்களின் இடையில் இலைகள் தீட்டப்பட்டன. அதற்கு முன்பே உரோமில் மைக்கலாஞ்சலோவின் இறுதித் தீர்ப்பு ஓவியத்துக்கு 1565-இல் ஆடை போர்த்தியிருந்தார்கள். சமயப்பற்றால் செய்த காரியம் என்று இதனைச் சிலர் பாராட்டுவர். கலையறியாமை என்று சிலர் நகைப்பர். இரு சாராரும் காணாதது ஒன்றுண்டு. இலைகள் ஓவியத்தின் சமயப் பொருளையே மாற்றிவிட்டன. ஆதாம் நாணியது தன் உடலைக் குறித்தன்று. இறைவன் முகத்தை இனிப் பார்க்கமுடியாது என்ற துயரத்தில் அவன் தன் முகத்தை மூடுகிறான். குற்றம் உள்ளத்தில், உடலோ இறைவன் படைத்தபடியே இருக்கிறது. இலையைத் தீட்டியவர், குற்றத்தை இடுப்புக்குக் கீழே இறக்கிவிட்டார். முந்நூறு ஆண்டுகள் மக்கள் இலையோடுதான் பார்த்தனர். 1980-களில் நடந்த சீரமைப்பில் அவை நீக்கப்பட்டன. 1771-ஆம் ஆண்டு ஆலயத்தில் பற்றிய தீயின் புகையும் அப்போதே அகற்றப்பட்டது. இருண்ட வண்ணக்காரர் என எண்ணப்பட்ட மசாச்சியோ வெளிர்நீலமும் இளஞ்சிவப்புமாக வெளிப்பட்டார். அவருடைய இருளில் தத்துவம் கண்டு எழுதியிருந்தோர்க்குச் சிறிது சங்கடமாயிருந்திருக்கும்!

எல்லாவற்றையும் ஆன்மிகமாகவே விளக்கிவிடலாம் என்று யான் கூறவில்லை. மெதிச்சி குலத்தார் 1434-இல் அதிகாரத்துக்கு வந்தபின், பகைவர் குலத்தில் பெண்கொண்ட பெலிச்சே நாடுகடத்தப்பட்டார். கீழ்வரிசை ஓவியத்தில் இருந்த பிராங்காச்சி குடும்பத்தார் முகங்கள் அதனால்தான் சுரண்டி எடுக்கப்பட்டன என ஆய்வாளர் கருதுகின்றனர். புனிதர் வரலாற்றில் தம் முகத்தைச் செருகியதும் அரசியல்; சுரண்டியதும் அரசியல். 1480-களில் மீதியை வரைந்து முடித்தவர் பிலிப்பினோ லிப்பி. அவருடைய தந்தை பிலிப்போ இதே மடத்தில் இளந்துறவியாயிருந்து, பின் துறவறத்தைத் துறந்து ஓவியத்தைத் துறவாதவர். மகன் திறமையாளரே. மசாச்சியோவின் நடைக்கு இணங்கத் தம்மை அடக்கிக்கொண்டார். ஆயினும் அவர் வரைந்த பேதுருவின் சிலுவைச் சாவில், தலைகீழாய்த் தொங்கும் புனிதரைவிடச் சுற்றி நிற்கும் நகரப் பெருமக்களின் முகங்களே நம் கண்ணை இழுக்கின்றன. புர்க்கார்ட்டின் வாய்பாடு ஓரளவு பொருந்துவது அங்கேதான்.

பின்வந்த ஓவியரெல்லாம் இங்கு வந்து பயின்றனர் என்று வசாரி எழுதி நீண்ட பட்டியல் தருகிறார். மைக்கலாஞ்சலோ வரிப்பணத்துப் பேதுருவைப் பார்த்து வரைந்த படம் இன்றும் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ளது. இங்கே பயிலும்போதுதான் சக மாணவர் தோரிஜானோவின் குத்தால் அவர் மூக்கு உடைந்ததென்பது செல்லினி தரும் செய்தி. ஓவியப்பள்ளி என்ற புகழ் ஓங்க ஓங்க, வழிபாட்டிடம் என்ற நினைவு பின்னுக்குப் போயிற்று. இன்று அச்சிற்றாலயம் நகரக் காட்சியகங்களுள் ஒன்று. ஆலயத்தின் வழியே போவதில்லை. மடத்துப் பக்கமாகச் சீட்டு வாங்கி, குறித்த நேரத்தில், சிறு குழுவாக உள்ளே செல்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டு மாற்றங்களில் மசோலினோவின் கூரை ஓவியங்கள் அழிந்தன. சாளரமும் தன் பழைய உருவை இழந்தது. பலிபீடத்தில் பழைய தேவமாதா படம் இருக்கிறது. வருவோருள் அதைப் பார்ப்பவர் சிலரே. மசாச்சியோவின் நிழல்கள் மட்டும் பழைய சாளரத்தின் ஒளிக்கு விழுந்தபடியே விழுந்திருக்கின்றன.